வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குத் துணை நிற்பது எப்படி? மதுரைப் பக்கத்து அனுபவத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

நான் கல்லூரியில் சேர்ந்த இரண்டாவது வாரம் பஸ் பாஸுக்காக ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றேன். உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, “போனஃபைடுக்கு லெட்டர் எழுதி, இன்சார்ஜ்கிட்டயும் ஹெச்.ஓ.டி.கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு வாம்மா” என்றார். அந்த ஒரு வரியில் எனக்குப் புரியாத சொல் மூன்று. கேட்டிருக்கலாம்தான், ஆனால் பின்னால் பெரிய வரிசை நின்றது, எல்லாருக்கும் தெரிந்தது நமக்கு மட்டும்தான் தெரியவில்லை போல என்று நினைத்து, தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ் எல்லாம் அப்போது கிடையாது. அதற்கப்புறம் ஒன்றரை மாதம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மதுரைக்குக் காசு கொடுத்துத்தான் வந்துபோனேன். அம்மா விடியற்காலை நாலு மணிக்கு மல்லிகைத் தோட்டத்துக்குப் போய்ப் பூவெடுத்து வாங்கிய கூலி அது.

இப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் வகுப்பு தொடங்கும்போது அதே மாதிரி ஜன்னலில், அதே மாதிரி தலையை ஆட்டிவிட்டுத் திரும்பும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். மேலூர், பேரையூர், சேடபட்டி, கொட்டாம்பட்டி, வாடிப்பட்டி என்று எங்கிருந்தோ இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியவர்கள். கல்லூரி எப்படி நடக்கிறது என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை, அவ்வளவுதான் குறை.

ஆகவே இந்தக் குறிப்பு அந்தப் பிள்ளைகளைச் சுற்றி இருப்பவர்களுக்கு. நீங்கள் கல்லூரி ஆசிரியராக இருக்கலாம், சீனியராக இருக்கலாம், பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவராக இருக்கலாம், தெருவில் டிகிரி முடித்த ஒரே அண்ணனாக இருக்கலாம். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: பிள்ளை வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். எதைக் கேட்க வேண்டும் என்றே தெரியாதவர் எப்படி வந்து கேட்பார்? நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

படி 1: சேர்வதற்கு முன்னால், மே மாதத்திலேயே

முதல் வேலை ஒரு ஃபைல் போடுவது. பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், போட்டோ. ஒவ்வொன்றிலும் ஐந்து ஜெராக்ஸ். டி.சி.யைக் கல்லூரி வாங்கிக்கொள்ளும், அதனால் கொடுப்பதற்கு முன்பே நகல் எடுத்துவிட வேண்டும். வருமானச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், ஒவ்வொரு வருடமும் இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமல் இரண்டாம் வருட உதவித்தொகையை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாச் சான்றிதழிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்துக் கூட்டிப் பாருங்கள். ஆதாரில் ஒன்று, மார்க் ஷீட்டில் ஒன்று என்று இருந்தால் இப்போதே சரி செய்யுங்கள், வகுப்பு தொடங்கிய பிறகு அலைய நேரம் இருக்காது.

முதல் பட்டதாரி சான்றிதழ் பற்றி ஊரில் பெரிய குழப்பம் இருக்கிறது. பொறியியல் மாதிரியான தொழிற்படிப்புகளில் கலந்தாய்வு வழியாக இடம் வாங்குகிறவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை தருவதற்காக வந்தது அது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. பி.ஏ.வுக்கும் பி.காமுக்கும் அதை வாங்க நாலு நாள் வேலையை விட்டுத் தாலுகா ஆபீஸுக்கு அலைந்த அப்பாக்கள் உண்டு, யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் மிச்சம். அதே நேரம், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளைக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்தில் 2020இல் வந்தது, பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கு 2021இல் விரிந்தது. அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம், பிரித்துச் சொல்லுங்கள்.

அப்புறம், கலை அறிவியல் கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று: ஏய்டடு, செல்ஃப் பைனான்ஸ் வித்தியாசம். மதுரையில் பேர் பெற்ற பழைய கல்லூரிகள் பலவும் அரசு உதவி பெறுபவை, கூடவே சுயநிதிப் பிரிவும் நடத்துகின்றன. ஒரே கேட், ஒரே பாடம், ஒரே பல்கலைக்கழகப் பட்டம், கட்டணம் மட்டும் பல மடங்கு வித்தியாசப்படும். விண்ணப்பத்தில் எதை டிக் செய்கிறோம் என்று தெரியாமலே சுயநிதியில் சேர்ந்துவிட்டு, பக்கத்து வகுப்புப் பிள்ளை கட்டிய ரசீதைப் பார்த்து அழுத மாணவியை எனக்குத் தெரியும். விண்ணப்பம் போடும்போது பக்கத்தில் உட்காருங்கள். அரசுக் கல்லூரிகளை மறக்காதீர்கள், மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி 1965இலிருந்து இந்த மாவட்டத்துக் கிராமத்துப் பெண்களுக்காகவே திறந்திருக்கிறது என்று சொல்லலாம்.

வங்கிக் கணக்கு. இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். அரசு உதவித்தொகை எல்லாம் ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் வரும். பிள்ளைக்குப் பள்ளியில் திறந்த கணக்கு ஒரு வங்கியில், அம்மா திறந்து கொடுத்தது இன்னொரு வங்கியில் என்று இருக்கும். எந்தக் கணக்கு கடைசியாக ஆதாரோடு இணைந்ததோ அதற்குத்தான் பணம் போகும். வங்கிக்குப் போய், “இந்தக் கணக்கு ஆதார் சீடிங் ஆகியிருக்கா, என்.பி.சி.ஐ.யில ஏறியிருக்கா” என்று இந்த வார்த்தைகளிலேயே கேட்கச் சொல்லுங்கள். சீடிங் என்றால் கணக்கோடு ஆதாரை இணைப்பது, என்.பி.சி.ஐ. என்பது எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்று பதிந்து வைக்கும் தேசிய அமைப்பு. “ஆதார் கொடுத்தாச்சு” என்று மட்டும் பதில் வந்தால் போதாது.

படி 2: முதல் வாரம், சொற்களைக் கற்றுக்கொடுப்பது

ஒரு வெள்ளைத்தாள் எடுத்து இருபது சொல் எழுதிக் கொடுங்கள். ஹெச்.ஓ.டி. என்றால் துறைத் தலைவர். கிளாஸ் இன்சார்ஜ் அல்லது ட்யூட்டர் என்றால் உன் வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியர், எதற்கும் முதலில் போக வேண்டியவர். போனஃபைடு என்றால் இந்தக் கல்லூரியில் படிக்கிறாய் என்று முதல்வர் தரும் சான்று. மேஜர் (முதன்மைப் பாடம்), அலைடு (துணைப் பாடம்), எலெக்டிவ் (விருப்பப் பாடம்), கிரெடிட் (ஒரு பாடத்துக்கான மதிப்பலகு), இன்டர்னல் (கல்லூரிக்குள்ளேயே போடும் மார்க்), அரியர் (தேறாமல் மறுபடி எழுத வேண்டிய தாள்), கண்டோனேஷன் (வருகைக் குறைவுக்குத் தரும் விலக்கு), ரீவேல்யூவேஷன் (விடைத்தாள் மறுமதிப்பீடு). இதெல்லாம் நமக்குக் காதில் விழுந்து பழகிவிட்டது, அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் பூட்டின கதவு.

தாளைக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று விட்டுவிடாமல் ஒரு மதியம் கூடவே நடந்து காட்டுங்கள். ஆபீஸ், ஃபீஸ் கவுன்ட்டர், லைப்ரரி, ஸ்காலர்ஷிப் பார்க்கும் கிளார்க் உட்காரும் இடம், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம், பெண்கள் ஓய்வறை. லைப்ரரிக்குள் கூட்டிப்போய் ஒரு புத்தகத்தை அந்தப் பிள்ளையின் கையால் எடுக்க வையுங்கள். உள்ளே போக அனுமதி வாங்க வேண்டுமோ என்று பயந்து முதல் வருடம் முழுக்க லைப்ரரி வாசலை மிதிக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒரு லெட்டர் எப்படி எழுதுவது என்றும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அனுப்புநர், பெறுநர், வகுப்பு, பதிவு எண், விஷயம், இரண்டு வரி, கையெழுத்து. லீவு, பஸ் பாஸ், போனஃபைடு என்று மூன்றுக்கும் மாதிரி எழுதிக் கையில் கொடுத்தால் மூன்று வருடம் ஓடும். நான் ஆபீஸ் ஜன்னலில் தோற்றது இந்த இரண்டு வரி தெரியாமல்தான்.

படி 3: ஆங்கிலம்

பன்னிரண்டு வருடம் தமிழ் வழியில் படித்த பிள்ளை, ஜூலை மாதம் உட்கார்ந்தால் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடுகிறது. இரண்டு வாரத்தில் அது கடைசி பெஞ்சுக்குப் போய்விடும், ஒரு மாதத்தில் “எனக்குப் படிப்பு வராது” என்று முடிவே செய்துவிடும். உண்மையில் அந்தப் பிள்ளைக்குப் பாடம் தெரியும், பாடத்தின் ஆங்கிலப் பெயர்தான் தெரியாது. பி.காம். முதல் வருடத்தில் ஒரு பையன் டிப்ரிசியேஷன் என்றதும் முழித்தான். “தேய்மானம்டா தம்பி” என்றேன். எழுந்து கரும்பலகைக்கு வந்து கணக்கைப் போட்டுக் காட்டினான்.

இதற்கு நான் பல வருடமாகச் சொல்லும் வழி ஒன்று இருக்கிறது, செலவே இல்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்கள் தமிழ் வழியிலும் ஆங்கில வழியிலும் வருகின்றன, பாடம் ஒன்றேதான், இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பிள்ளை ஏற்கெனவே நன்றாகப் படித்த தமிழ்ப் புத்தகத்தை இடது பக்கம் வை, அதே பாடத்தின் ஆங்கிலப் புத்தகத்தை வலது பக்கம் வை. தினம் ஒரு பக்கம். பேரேடு என்ற இடத்தில் லெட்ஜர் இருக்கும், இருப்பாய்வு என்ற இடத்தில் ட்ரையல் பேலன்ஸ் இருக்கும். ஒரு நோட்டில் இரண்டையும் எழுதிக்கொண்டே போனால், தீபாவளிக்குள் வகுப்பில் ஓடுவது காதில் நிற்கும். தெரிந்த விஷயத்தின் வழியாகத் தெரியாத மொழிக்குள் போகிறோம், அதனால்தான் இது பிடிபடுகிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்வதற்கு முன் இதைச் செய்ய வையுங்கள்.

ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேள்வியைத் தமிழில் கேட்க விடுங்கள். புதுச் சொல்லைப் போர்டில் எழுதும்போது பக்கத்தில் தமிழ்ச் சொல்லையும் எழுதுங்கள், ஐந்து நொடிதான் ஆகும். முதல் மாதத்தில் யாரையும் எழுப்பி ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்தச் சொல்லாதீர்கள். அந்த ஒரு நிமிடத்தில் குன்றிப்போய் மூன்று வருடம் வாயே திறக்காதவர்கள் உண்டு.

தமிழ் வழியில் வரலாறோ பொருளியலோ எடுத்த பிள்ளை அதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை. மாநில அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை 2010இலிருந்து சட்டமாக இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டத்தை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும், பள்ளி, கல்லூரி இரண்டிலும் அதற்கான சான்று வாங்க வேண்டும்.

படி 4: பணம், முக்கியமாகக் கண்ணுக்குத் தெரியாத பணம்

ஃபீஸுக்கு எப்படியோ கடன் வாங்கிக் கட்டிவிடுவார்கள். பிள்ளையைப் பாதியில் நிறுத்துவது அதற்கு மேல் வரும் சின்னச் சின்னச் செலவுகள். தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, லேப் கோட், ஸ்பைரல் பைண்டிங், துறைச் சங்கத்துக்கு நூறு, சிம்போசியத்துக்கு இருநூறு, ஐ.வி. (தொழிற்சாலைகளைப் பார்க்கப் போவது) என்ற பெயரில் ஒரு சுற்றுலா, ஃபேர்வெல்லுக்கு ஒரே கலரில் புடவை. ஒவ்வொன்றும் “நாளைக்குள்ள கொடுக்கணும்” என்று வரும். கேட்க முடியாமல் பிள்ளை அன்றைக்கு லீவு போடும். மூன்று லீவு போட்டால் வருகைப் பதிவு இறங்கும். எந்த மாதம் என்ன செலவு வரும் என்று சீனியரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, சேரும்போதே வீட்டில் கொடுத்துவிடுங்கள். துறையில் இருப்பவர்கள், எது கட்டாயம் எது விருப்பம் என்று வகுப்பில் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஐ.வி.க்குப் போகாவிட்டால் இன்டர்னல் குறையும் என்று பயந்து வட்டிக்கு வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

வரும் பணத்தையும் விடக் கூடாது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், 2024 ஆகஸ்டிலிருந்து. இது தவிர ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், சிறுபான்மையினருக்கான உதவித்தொகைகள், அரசு விடுதிகள். எல்லாவற்றுக்கும் கல்லூரியில் பிள்ளையின் பெயரில் யு.எம்.ஐ.எஸ். எண், அதாவது கல்லூரி மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளத்தின் எண், உருவாகியிருக்க வேண்டும். முதல் மாதமே, “என் யு.எம்.ஐ.எஸ். நம்பர் போட்டாச்சா” என்று கேட்கச் சொல்லுங்கள். உதவித்தொகை பெரும்பாலும் தாமதமாகத்தான் வரும், அதை நம்பிக் கடன் தவணை வைக்க வேண்டாம் என்பதையும் வீட்டில் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

வேலைக்குப் போவது பற்றி எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. முகூர்த்த நாளில் கேட்டரிங் பரிமாறப் போகிற பையன்கள் என் வகுப்பில் எப்போதும் இருப்பார்கள், தீபாவளி சீசனில் மாசி வீதி ஜவுளிக் கடைகளில் நிற்கும் பெண்களும் உண்டு. “படிக்கிற வயசுல எதுக்கு வேலை” என்று திட்டாதீர்கள். அந்தக் காசு சில வீடுகளில் தங்கச்சியின் சாப்பாடு. அதற்குப் பதிலாகக் காலண்டரை எடுங்கள். முகூர்த்த நாட்கள் வருட ஆரம்பத்திலேயே தெரியும், இன்டர்னல் தேதிகளும் பெரும்பாலும் கல்லூரிக் கையேட்டில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எந்தெந்த நாள் போகலாம், எந்த நாள் போகவே கூடாது என்று பிள்ளையோடு உட்கார்ந்து குறியுங்கள். ராத்திரி பந்தி முடிந்து இரண்டு மணிக்குப் படுத்தவன் காலை முதல் வகுப்பில் தூங்கினால், வெளியே போகச் சொல்வதற்கு முன் ஏன் என்று தனியாகக் கேளுங்கள்.

படி 5: வீட்டாரைச் சேர்த்துக்கொள்வது

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வருடம் தவறாமல் மதுரைக்கு வரும் அப்பா, மகள் படிக்கும் கல்லூரி கேட்டைத் தாண்டியதே இல்லை. அசட்டை என்று நினைக்காதீர்கள். உள்ளே போனால் என்ன பேசுவது, எங்கே நிற்பது என்ற தயக்கம், மகளுக்கு நம்மால் தலைகுனிவு வந்துவிடுமோ என்ற பயம். பெற்றோர் கூட்டத்தை வேலை நாள் காலை பத்து மணிக்கு வைத்தால் அவருக்கு ஒரு நாள் கூலி போகும். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், முடியாவிட்டால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போன் போடுங்கள். பூவெடுக்கப் போகிற வீடு என்றால் ஒன்பதுக்குள் படுத்துவிடுவார்கள், அதற்கு முன்.

முதல் போன் நல்ல செய்தியாக இருக்கட்டும். “உங்க பொண்ணு நேத்து வகுப்புல நல்லா பேசுச்சு” என்று நான் சொன்னதும் ஒரு அம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம், “டீச்சர், போன் வந்தாலே ஏதோ தப்பு பண்ணிருச்சுன்னுதான் நெனைப்போம்” என்றார். அந்த ஒரு போனுக்குப் பிறகு அந்த வீட்டில் எதைப் பற்றியும் பேச முடிந்தது.

பெண் பிள்ளை என்றால் வீட்டின் கவலை பஸ்ஸைப் பற்றித்தான். நாலு மணிக்கு வகுப்பு முடிந்தால் ஆறரைக்குள் ஊர் வந்து சேர வேண்டும், ஒரு மினி பஸ்ஸைத் தவறவிட்டால் இருட்டிவிடும், இருட்டினால் அக்கம்பக்கம் பேசும். சிறப்பு வகுப்பு, செமினார், கலைநிகழ்ச்சி ஒத்திகை எதுவானாலும் பஸ் நேரத்தைக் கேட்டு வையுங்கள், தாமதமானால் வீட்டுக்கு நீங்களே போன் செய்யுங்கள். இரண்டாம் வருடம் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். இன்னும் எத்தனை செமஸ்டர் மிச்சம், எந்த மாதம் முடியும், முடித்தால் என்னென்ன தேர்வு எழுதலாம் என்று தேதியோடு சொல்லுங்கள். குடும்பத்தில் மதிப்புள்ள மாமாவோ பெரியப்பாவோ ஒருவர் இருப்பார், அவரிடம் முதலில் பேசுவது நல்லது. எனக்கு அப்படிப் பேசி மூன்று வருடம் வாங்கிக் கொடுத்தவர் என் பத்தாம் வகுப்பு வாத்தியார்.

திருவிழாவையும் கணக்கில் எடுங்கள். மகா சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் போகாமல் உசிலம்பட்டிப் பக்கம் எந்தக் குடும்பமும் இருக்காது. சித்திரைத் திருவிழா நேரத்தில் பல வருடம் செமஸ்டர் தேர்வும் நடக்கும், பஸ் எல்லாம் சுற்றிக்கொண்டுதான் போகும், ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பச் சொல்லுங்கள்.

படி 6: இன்டர்னல், வருகைப் பதிவு, அரியர்

பெரும்பாலான கல்லூரிகளில் வருகைப் பதிவு 75 விழுக்காடு வேண்டும், கொஞ்சம் குறைந்தால் கண்டோனேஷன் கட்டணம் கட்டித் தேர்வெழுதலாம், ரொம்பக் குறைந்தால் எழுத முடியாது. 25க்கு இன்டர்னல், 75க்கு செமஸ்டர் தேர்வு என்பது இங்கே அதிகம் பார்க்கும் முறை. செமஸ்டர் தேர்வில் தனியாக ஒரு குறைந்தபட்ச மார்க் இருக்கும், இன்டர்னலில் முழுசாக வாங்கினாலும் அதைத் தாண்டாவிட்டால் அரியர்தான். இதைத் தேர்வுக்குப் பிறகு சொல்லிப் பயனில்லை.

அரியர் விழுந்தால் வீட்டில் பெயில் என்றுதான் புரிந்துகொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் பெயில் என்றால் ஒரு வருடம் போச்சு. அரியர் என்றால் அடுத்த வகுப்புக்குப் போய்க்கொண்டே அந்தத் தாளை மட்டும் மறுபடி எழுதுவது என்று வீட்டுக்கும் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த வாரம்தான் அதிகம் பேர் நின்றுபோகும் வாரம். அன்றைக்குப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, விடைத்தாள் நகல் வாங்கலாமா, ரீவேல்யூவேஷன் போடலாமா, கடைசித் தேதி என்ன என்று சேர்ந்து பாருங்கள். அந்தத் தேதிகள் குறைவான நாட்களிலேயே முடிந்துவிடும்.

படி 7: மனம் சோரும்போது

ஊருக்குப் போனால் “பெரிய படிப்பு படிக்கிறவ” என்கிறார்கள், கல்லூரிக்கு வந்தால் “கிராமத்துப் பிள்ளை” என்கிறார்கள், இரண்டு பக்கமும் ஒட்டாமல் நிற்கும் நாட்கள் எல்லாருக்கும் வரும். எனக்கும் வந்தது. அதே மாதிரி ஊரிலிருந்து வந்து இப்போது மூன்றாம் வருடம் படிக்கும் ஒரு அக்காவோடு சேர்த்து விட்டால் பாதி சரியாகும், நான் இதைத்தான் முதலில் செய்வேன். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று ஒரு வார்த்தை வந்தால் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. ராகிங் தொந்தரவு என்றால் யு.ஜி.சி. உதவி எண் 1800-180-5522.

படி 8: இரண்டாம் வருடத்திலிருந்து வெளியே பார்ப்பது

“டிகிரி முடிச்சதும் வேலை கிடைச்சிரும்” என்று வீடு நம்பும், பிள்ளையும் நம்பும். ‘நான் முதல்வன்’ என்ற தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டத்தின் பயிற்சிகள் 2022இலிருந்து கல்லூரிகளுக்கு வருகின்றன, மார்க்குக்காக மட்டும் முடித்துவிட்டுப் போகாமல் அதில் எது தனக்கு ஒத்துவருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். என்.எஸ்.எஸ்., என்.சி.சி.யில் ஒன்றில் சேர்த்துவிடுங்கள், நாலு பேர் முன்னால் பேச வரும். நத்தம் சாலையில் 2023 ஜூலை 15இல், காமராசர் பிறந்த நாளன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வீட்டில் ஒரே அறை, அதில் டி.வி., தம்பி தங்கச்சி என்று படிக்க இடம் இல்லாத பிள்ளைக்கு அது பெரிய வரம். ஒரு சனிக்கிழமை கூட்டிப்போய் எந்த மாடியில் எது இருக்கிறது என்று காட்டிவிட்டு வாருங்கள், அடுத்த வாரம் தானே போகும்.

படி 9: கடைசி வருடம்

அரியர் இல்லாமல் முடிக்க வைப்பது முதல் வேலை. அப்புறம் புரொவிஷனல் (தற்காலிகப் பட்டச் சான்று), மொத்த மதிப்பெண் பட்டியல், டி.சி., நன்னடத்தைச் சான்று, தமிழ் வழிச் சான்று எல்லாவற்றையும் ஒரே அலைச்சலில் வாங்கிவிடச் சொல்லுங்கள், ஊருக்குப் போன பிறகு ஒரு கையெழுத்துக்காக வர மனம் வராது. பட்டமளிப்பு விழாவுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதியைப் பார்த்து நினைவுபடுத்துங்கள்.

முதல் பட்டதாரி சலுகையில் படித்த பிள்ளையின் வீட்டில் தம்பியோ தங்கச்சியோ இருந்தால், அந்தச் சலுகை ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான், அடுத்தவருக்கு வராது என்பதை அந்த வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள். மே மாதம் போட்ட அந்த ஃபைலைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள். இருபது சொல் எழுதிய தாள், மாதச் செலவுத் தாள், மாதிரி லெட்டர் மூன்று, எல்லாம் அதிலேயே இருக்கட்டும். அடுத்த மே மாதம் தங்கச்சி விண்ணப்பம் போடும்போது, பக்கத்தில் அக்கா உட்காரட்டும்.